வாய் திறக்காத வகுப்பு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கல்வியியற் கல்லூரி முடித்து, இலங்கை மலையகத்தில் போகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்திருக்கிறேன். தரம் 7க்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கேள்வி கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பாதிப்பேர் வீட்டுவேலை செய்வதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு நாலைந்து பேர்தான் வந்தார்கள். இங்கே யாருக்கும் படிப்பில் அக்கறை இல்லை என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நான் என்ன செய்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அக்கறை இல்லை என்ற பேச்சை முதலில் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வேலைநாளில் கூட்டம் வைத்தால் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது ஒருநாள் வேலைக் கணக்கு, போய்விடும், அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? வீட்டுவேலையும் அப்படித்தான். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில், 10க்கு 12 அடிக் காம்பராவில் அடுப்பு, தம்பி, தங்கை, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் நடுவில் கொப்பியை விரிக்க இடம் தேட வேண்டும். வீட்டுவேலையைக் குறைத்து, பாடசாலை விடுவதற்கு முன் பதினைந்து நிமிடம் வகுப்பிலேயே செய்ய விடுங்கள். செய்யாதவர் யார், புரியாதவர் யார் என்று அப்போது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

சரி, மௌனத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு செக்கன் அளவே காத்திருந்தது தெரிந்தது. அதை 3 செக்கனுக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நீங்களும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள், இன்னொரு முறை கேட்டு அவசரப்படுத்த வேண்டாம். முதலில் பக்கத்துப் பிள்ளையோடு பேசிப் பார்க்கவும் விடுங்கள், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அங்கேயே பாதி போய்விடும்.

அப்புறம், என்ன கேட்கிறீர்கள் என்பது. ஒளித்தொகுப்பு என்றால் என்ன என்று கேட்டால் அவர்கள் குனியத்தான் செய்வார்கள். தேயிலைச் செடிகளின் கிளைகளை ஒட்ட நறுக்கி, கவாத்து வெட்டிய மலையில் ஓர் இலைகூட இல்லை, திரும்பத் துளிர்க்கும்வரை அந்தச் செடி எதைச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா கவாத்துக்காரராக இருந்த பிள்ளை ஒன்றாவது அந்த வகுப்பில் இருக்கும், வேரில் ஏதோ இருக்கிறது என்று அது சொல்லக்கூடும். இலை முன்பே ஒளித்தொகுப்பில் தயாரித்து வேரில் சேர்த்துவைத்த மாப்பொருள்தான் அது. அங்கிருந்து பாடத்துக்குள் போங்கள். இவ்வளவு தெரிந்த பிள்ளைகளை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நடத்துவது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள். முடியாது என்றால், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வீடு திரும்பியபின் நீங்களே லயத்துக்குப் போங்கள். முதல் தடவை புகார் எதுவும் கொண்டுபோக வேண்டாம். பிள்ளை வகுப்பில் நன்றாகச் செய்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள்.