தாவிவிடுகிறேன், இறங்கத்தான் பயம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 19 வயது. கூடைப்பந்து வீராங்கனை. வலது முழங்காலில் ஏ.சி.எல். (மூட்டின் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) அறுந்து, பின்தொடைத் தசைநாணை எடுத்துப் பொருத்தி ஏழரை மாதம் ஆகிறது. வலி இல்லை. கடைசிப் பரிசோதனையில் இடது காலோடு ஒப்பிட்டால் ஒற்றைக்கால் தாவல் 94%, முன்தொடைத் தசை பலம் 84%. பிசியோதெரபி அறையில் சொன்னதெல்லாம் செய்கிறேன். ஆனால் கோர்ட்டில் பக்கத்தில் யாராவது வந்தாலே வலது கால் விறைத்துப்போகிறது, எடை முழுக்க இடது காலுக்குப் போய்விடுகிறது. படுத்தால் அன்றைக்குக் கேட்ட 'டப்' சத்தம் காதில் விழுகிறது. ஐந்து வாரத்தில் ஒரு போட்டித் தொடர். "காலுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் உன் மனசில்தான்" என்கிறார் பயிற்சியாளர். அணித் தோழிகளைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டேன். என் தைரியம் போய்விட்டதா?

– ஒரு வாசகி

அன்புத் தோழிக்கு,

தைரியம் எங்கும் போகவில்லை. உங்கள் பயத்தில் ஒரு பங்கு சரியான எச்சரிக்கை. இன்னொரு பங்கு காயத்தின் நினைவு. முதலாவதைக் கேட்டு நடக்க வேண்டும், இரண்டாவதைப் பழக்கித் தணிக்க வேண்டும்.

எச்சரிக்கையை முதலில் பார்ப்போம். 94% என்ற தாவல் கணக்கை நம்பி இறங்காதீர்கள். முன்னோக்கித் தாவும்போது இடுப்பும் கணுக்காலும் உழைத்து முழங்காலின் குறையை மறைத்துவிடும். உண்மையைச் சொல்வது அந்த 84%தான். அதுவும்கூடச் சற்றுத் தாராளமான எண். இத்தனை மாத ஓய்வில் இடது காலும் பலம் குறைந்திருக்கும். பொருத்திய தசைநாண் உள்ளே புது ரத்தநாளங்கள் பெற்று, தசைநாராக மாறி முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வலி நின்றதை வைத்து அதை அளக்க முடியாது. 25 வயதுக்குள் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ மறுபடி அறுகிறது. ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொடர் தொடங்கும்போது உங்களுக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்காது. அதில் ஆடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சியாளரிடம் மனசைப் பற்றி வாதாட வேண்டாம். "ஒன்பது மாதம் முடிந்து, பலம் 90% தாண்டி, அறுவை மருத்துவரும் சம்மதித்த பிறகு முழுப் பயிற்சிக்கு வருகிறேன்" என்று அளவுகோலைச் சொல்லுங்கள்.

அடுத்தது காயத்தின் நினைவு. இதைச் சும்மா விட்டுவைக்கவும் கூடாது. பயந்த கால் முழங்காலை மடக்காமல் விறைப்பாகத் தரையில் இறங்கும். அந்த நிலையில்தான் ஏ.சி.எல்.லுக்கு இழுவிசை அதிகம். அதாவது, பயமே காயத்துக்கு வழிவிடுகிறது.

கோர்ட்டில் உங்களைப் பயமுறுத்தும் எட்டு அசைவுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பய மதிப்பெண் போடுங்கள். இரு கால் இறக்கம் 2, ஒற்றைக்கால் இறக்கம் 4, முன்கூட்டியே தெரிந்த திசைத்திருப்பம் 5, சைகை பார்த்துச் சட்டென்று திரும்புவது 7, பக்கத்தில் ஒருவர் உரச ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு) தாவுவது 9 என்று உங்கள் பட்டியல் அமையலாம். பிசியோதெரபிஸ்ட் அனுமதித்தவற்றில் 3 அல்லது 4 பெற்றதில் தொடங்குங்கள். தொடர்ந்து மூன்று பயிற்சிகளில் அதன் மதிப்பெண் 2க்குக் கீழே நின்றால் மட்டும் அடுத்த படி. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: ஒரு நல்ல நாளில் உற்சாகத்தில் 4லிருந்து 9க்குப் போய்விடுவார்கள், ஒருமுறை தடுமாறினாலும் பழைய பயம் இரட்டிப்பாகத் திரும்பும். குனிந்து முழங்காலையே பார்த்தபடி இறங்குவதும் இடது காலில் சாய்வதும் பயத்தை ஒளித்துவைக்கும், குறைக்காது. மூட்டைப் பற்றி யோசிக்காமல், "சத்தமில்லாமல் இறங்கு" என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். முழங்கால் தானாக மடங்கும்.

மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருந்தால் ஒரு படி கீழே வாருங்கள். பெரும்பாலும் அது பளு கூடிப்போனதன் அடையாளம். மறுபடி அறுந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை. ஆனால் கால் நழுவி மடங்கினாலோ, சில மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இரவில் வரும் காட்சி 'டப்' சத்தத்தோடு அறுந்துபோகிறது, இல்லையா? பகலில் 10 நிமிடம் கண்மூடி, அதே நகர்வை உங்கள் கண் வழியாக, நிஜ வேகத்தில் ஓட்டுங்கள்: தாவல், பந்து கைக்கு வருவது, மடங்கி இறங்குவது, அடுத்த பாஸ். காட்சி இறங்கி முடிய வேண்டும். மூன்று வாரமாகியும் தூக்கம் கெட்டாலோ, படபடப்பு கூடினாலோ நேரில் ஓர் உளவியலாளரைப் பாருங்கள். அதிர்ச்சி நினைவுகளுக்குத் தனிச் சிகிச்சை உண்டு.

தோழிகளை விட்டு விலகியதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஆட்டம் போனதோடு ஆட்களும் போனால் மனம் சீக்கிரம் சோர்ந்துவிடும். வாரம் இருமுறை அணிப் பயிற்சி நேரத்திலேயே கோர்ட்டின் ஓரத்தில் உங்கள் உடற்பயிற்சிகளைச் செய்யுங்கள். சும்மா உட்கார்ந்து பார்ப்பது வலிக்கும், அதனால் கையில் ஒரு வேலை இருக்கட்டும்: ரீபவுண்டுகளை எண்ணிக் குறிப்பதை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாவி இறங்குகிற கால்களை நூறு முறை பார்ப்பதும் உங்கள் பட்டியலில் ஒரு படிதான். அதற்கு 1 அல்லது 2 போட்டு, இந்த வாரமே ஆரம்பியுங்கள்.