பனிக்காலமும் கோழிகளும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கனடாவில், வின்னிபெக்கிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறேன். நீங்கள் கோழி வளர்ப்பு பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போன கோடையில் முட்டையிடும் பெட்டைகள் ஆறும் ஒரு சேவலும் வாங்கினேன். இது முதல் குளிர்காலம். போன வாரம் ஓர் இரவு மைனஸ் 31 வரை போனது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். "வாயில்லா சீவனை இப்படிப் பனியில போட்டு வச்சிருக்கியே, பாவம் சும்மா விடுமா" என்று தினமும் சொல்கிறார். நானும் பயந்துபோய், கூண்டின் சந்துபொந்தையெல்லாம் பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்து, 250 வாட் ஹீட் லாம்ப் ஒன்றும் மாட்டி ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் சேவலின் கொண்டை நுனி கருத்துக்கொண்டு வருகிறது. முட்டையும் நின்றுவிட்டது. இன்னொரு விளக்கு மாட்டவா? இல்லை, யாருக்காவது கொடுத்துவிடுவதுதான் நல்லதா?

ஆர்., மனிடோபா

அன்புள்ள தம்பி,

விளக்கைக் கழற்றிவிடுங்கள். இன்றைக்கே. ஒரு வாரம்தான் ஆகிறது என்பதால் கோழிகளின் உடம்பு இன்னும் அந்தச் சூட்டுக்குப் பழகியிருக்காது. அப்புறம் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போய், கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் நீங்கள் அடைத்த பிளாஸ்டிக்கை அறுத்து எறியுங்கள். கோழி உட்காரும் உயரத்துக்குக் கீழே உள்ள அடைப்பு அப்படியே இருக்கட்டும். கோழிகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் சேவலின் கொண்டையைக் கருக்கியது குளிர் மட்டும் இல்லை, ஈரம். இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் பிடிபடும். ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஏழு கோழிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி எச்சத்திலும் மூச்சிலும் வெளியே வந்து, நீங்கள் இறுக்கி மூடிய அந்தச் சின்ன அறைக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. காய்ந்த குளிரைக் கோழி தாங்கும். ஈரக் காற்று கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறையும்போதுதான் சதை சாகிறது. விளக்கின் சூடு கூளத்தில் இருக்கும் ஈரத்தையும் ஆவியாக்கிக் காற்றில் ஏற்றிவிடுகிறது, அந்த ஆவி வெளியே போக வழியே இல்லை.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஒட்டாவா பள்ளத்தாக்குக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கூண்டின் ஒவ்வொரு பலகை இடுக்கையும் டேப் வைத்து ஒட்டினேன். ஜனவரியில் ஒரு காலை கதவைத் திறந்தபோது உள்ளே கூரை முழுக்க வெள்ளை வெளேரென்று, பொடி உப்பை அப்பி வைத்ததுபோல உறைபனி. பலகையில் அடித்த ஆணி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பனிப் பொத்தான். எச்சத்தின் அம்மோனியா நெடியில் கண் எரிந்து தண்ணீர் வந்தது. சேவலின் கொண்டை நுனிகள் முதலில் வெளுத்து, அப்புறம் வீங்கி, ஓரிரு நாளில் கரியாகிவிட்டன. மார்ச்சில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அத்தனை நாளும் அது வலியோடு இருந்திருக்கிறது, அதற்குக் காரணம் நான் அக்கறை என்று நினைத்துச் செய்த ஒரு வேலை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உங்கள் சேவலுக்கு இப்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு. கருத்த நுனியைத் தேய்க்காதீர்கள், வெட்டாதீர்கள், ஹேர் டிரையர் வைத்துச் சூடு காட்டாதீர்கள். கருப்பு காய்ந்து தானே விழும், அதுவரை அதுதான் அடியில் இருக்கும் நல்ல சதைக்கு மூடி. சீழ் பிடித்தாலோ கெட்ட நாற்றம் வந்தாலோ மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் அகலமாக இருந்தால் மாற்றுங்கள், தாடி நனைந்து உறைவது பெரும்பாலும் அங்கேதான்.

காற்று போக வேண்டும், ஆனால் கோழி மேல் அடிக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று எல்லோரும் குழம்புவது இங்கேதான். கோழி அடையும் கட்டைக்கு நன்றாக மேலே, கூரை ஓரமாகத் திறப்பு இருந்தால் ஈரமான சூட்டுக்காற்று ஏறி வெளியே போய்விடும், கீழே உட்கார்ந்திருக்கும் கோழியின் இறகு அசையாது. திறப்புக்கு அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள், இல்லாவிட்டால் வீசல் என்ற, கீரி மாதிரியான சின்ன விலங்கு நுழைந்து ஒரே இரவில் எல்லாவற்றையும் கொன்றுவிடும். போதுமான திறப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, காலையில் கூண்டு ஜன்னலின் உள்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடியில் நீரோ பனியோ படிந்திருந்தால் இன்னும் திறக்க வேண்டும். கோழித் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்தும் பாருங்கள், அம்மோனியா நெடி அடித்தாலும் அதே அர்த்தம்தான்.

விளக்கு வேண்டாம் என்று சொல்ல இன்னும் இரண்டு காரணம் உண்டு. முதலாவது தீ. காய்ந்த மரச்சீவல், இறகுத் தூசு, பறந்து இடிக்கும் கோழி, நடுவில் 250 வாட் பல்பு. வருடாவருடம் பனிக்காலத்தில் கோழிக்கூண்டுகள் இப்படி எரிகின்றன, சில இடங்களில் ஒட்டியிருக்கும் வீடும் சேர்ந்து. இரண்டாவது, மின்சாரத்தை நம்ப முடியாது. 1998 ஜனவரி பனிமழையில் எங்கள் பக்கமும் கியூபெக்கிலும் மின்கம்பங்கள் சரிந்து, சில ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. விளக்குச் சூட்டுக்குப் பழகிய கோழி, அது அணைந்த இரவில் திடீரென்று மைனஸ் முப்பதைச் சந்திக்கிறது. இலையுதிர் காலத்திலிருந்தே குளிரோடு சேர்ந்து இறகு தடித்த கோழிக்கு அந்த ஆபத்து இல்லை.

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. நமக்கு அது கடும் காய்ச்சல். மேலே எண்ணெய் பூசிய இறகு, அடியில் பஞ்சுபோன்ற தூவி, இரண்டுக்கும் நடுவே பிடித்துவைத்த காற்று. இரவில் உடம்பைப் புசுபுசுவென்று ஊதிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும். வெளியே தெரிவது கொண்டையும் தாடியும் காலும்தான். காலைக் காப்பாற்றுவது எளிது. உருட்டுக் கம்பை எடுத்துவிட்டு, நான்கு அங்குலப் பலகையின் தட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள், விரல்கள் மடங்காமல் நெஞ்சுத் தூவிக்குள் முழுசாக மறைந்துவிடும்.

கொண்டையைப் பற்றி இந்த நாட்டில் ஒரு துறவி வருடக்கணக்காக யோசித்திருக்கிறார். கியூபெக்கில் ஓகா என்ற ஊரின் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியர் மடத்தில் இருந்த சகோதரர் வில்ஃப்ரிட் ஷாட்லென். கனடாவில் வளர்க்கும் கோழியெல்லாம் வேறு தேசத்துக் கோழியாகவே இருக்கிறதே, இந்தக் குளிருக்கென்று ஒன்று வேண்டாமா என்று லெகார்ன், கார்னிஷ், வையண்டாட் என்று பல இனங்களைக் கலந்து கலந்து பார்த்தார். 1918இல் அவர் வெளியே கொண்டுவந்த ஷான்டக்ளேர் கோழிக்குக் கொண்டை ஒரு சின்ன மெத்தைத் திண்டு மாதிரி தலையோடு ஒட்டியிருக்கும், தாடியும் பேருக்குத்தான். உறைவதற்கு அங்கே சதையே இல்லை! அடுத்த முறை வாங்கும்போது இதைத் தேடுங்கள். நீண்ட கொண்டைச் சேவல் பார்க்க அழகுதான், மனிடோபாவுக்கு ஆகாது.

தண்ணீரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வெதுவெதுப்பாக மாற்றுங்கள், அல்லது நாய்க்கு விற்கும் சூடாகும் கிண்ணம் வாங்கிவிடுங்கள். இருட்டில் கோழி குடிக்காது, அதனால் இரவில் கூண்டுக்குள் தண்ணீர் வைத்து ஈரத்தைக் கூட்ட வேண்டாம். தீனி வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செல்லும். அடையப் போகும் முன்பு உடைத்த மக்காச்சோளம் ஒரு கைப்பிடி போடுங்கள். கீழே ஆழ்கூளம்தான் நல்லது. மரச்சீவலை அரை அடிக்குப் பரப்பி, அள்ளாமல் மேலே மேலே போட்டு, கிளறி விட்டுக்கொண்டே வாருங்கள், வசந்தத்தில் ஒரே தடவை எடுத்துத் தோட்டத்துக்குப் போடலாம். வெளியே பனியைத் தள்ளி வைக்கோல் தூவினால் இறங்கி நடக்கும், வெறும் பனியில் பெரும்பாலான கோழிகள் கால் வைக்காது. அடைந்தே கிடந்தால் ஒன்றையொன்று கொத்தும், அதனால் ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

முட்டை நின்றது நோய் இல்லை. தவறாமல் முட்டையிட ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், உங்கள் ஊரில் டிசம்பர் கடைசியில் எட்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. விடிகாலையில் ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்பு எரியவிட்டு ஈடுகட்டலாம், அது தவறும் இல்லை. நான் செய்வதில்லை. இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்க அவ்வளவு புரதம் செலவழித்த கோழிக்கு இரண்டு மாதம் ஓய்வு கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

அம்மா சொல்வதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஊரில் கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரத்தை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். அதில் எத்தனை ஓட்டை! கோழி மூச்சுவிட அவ்வளவு காற்று வேண்டும் என்று முடைந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று இரவு விளக்கை எடுத்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல் அம்மாவையும் கூண்டுக்குக் கூட்டிப்போங்கள். சாதுவான ஒரு பெட்டையாகப் பார்த்து, கையுறையைக் கழற்றிவிட்டு, இறக்கைக்கு அடியில் அம்மாவின் விரலை நுழைக்கச் சொல்லுங்கள். அவ்வளவு சூடு இருக்கும். காலையில் ஜன்னல் கண்ணாடி எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா