நேரம் போனால் சென்சார் எரியுமா?

கேள்வி: இரவு வானம், அருவி என்று நீண்ட எக்ஸ்போஷர் படங்கள் எடுக்க ஆசை. பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்று விலைக்கு வருகிறது. ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்து வைத்தால், ஒளியைப் படமாக்கும் சென்சார் எரிந்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் சோதித்துவிட்டு. சென்சாரைக் கெடுப்பது நேரம் அல்ல, அதன்மேல் விழும் ஒளியின் உக்கிரம். நட்சத்திர வெளிச்சத்துக்கு அரை மணி நேரம் திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. மிரர்லெஸ்ஸில் நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் சென்சார் ஒளி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

நேரம் கூடினால் சென்சார் சூடாகி, படத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் முளைக்கும். இவை ஹாட் பிக்ஸல்கள்; சூடு தணிந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். மெனுவில் உள்ள லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன், ஷட்டரை மூடி அதே நேரத்துக்கு இன்னொரு படம் எடுத்து, அந்தப் புள்ளிகளைக் கழித்துவிடும். 4 நிமிடப் படத்துக்கு மொத்தம் 8 நிமிடம். கேமரா ஹேங் ஆகிவிட்டது என்று நடுவில் பேட்டரியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

சரி, சோதனை. அந்த வசதியை அணைத்து, லென்ஸ் மூடியை மாட்டி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 1600-இல் 30 நொடிப் படம் ஒன்று எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் அங்கங்கே சில புள்ளிகள் இருக்கும், அது எந்தக் கேமராவிலும் உண்டு. அப்புறம் 1/100 நொடியில் ஒன்று. அதிலும் அதே இடத்தில் புள்ளி பளிச்சென்று நின்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிக்ஸல் மேப்பிங் (கெட்ட புள்ளிகளைக் கேமராவே கண்டுபிடித்து மறைக்கும் வசதி) உள்ள மாடலில் அதையும் பெரும்பாலும் சரிசெய்யலாம். கடைசியாக வெள்ளைச் சுவரை எடுங்கள். படத்தின் குறுக்கே நேர்க்கோடு ஓடினால் லேசர் பட்ட சென்சாராக இருக்கலாம். அந்தக் கேமராவைத் தொடவே வேண்டாம்.

லேசர் விளக்கும், தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் குவியும் சூரியனும்தான் உண்மையான எதிரிகள். சென்சாரைக் கெடுக்க அவற்றுக்கு நொடிகளே போதும்.

லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரும் வாங்குவீர்கள் அல்லவா? அருவிக்கு 6 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) போதும், 1/30 நொடி சுமார் 2 நொடியாகும். 10 ஸ்டாப் என்றால் அதே படத்துக்கு 34 நொடி. அதை மாட்டிக்கொண்டு சூரியனைக் குறிவைக்கக் கூடாது. அது ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகத்தான் குறைக்கும். சூரியனைப் படமெடுக்கும் ஃபில்டரோ லட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பது. திருகித் திருகி அளவை மாற்றும் வேரியபிள் என்டி வைட் லென்ஸில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை போடும் என்பதால், நான் அளவு மாறாத தனி ஃபில்டரையே சொல்வேன்.