மூட்டு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வயதான அம்மா நடக்கத் தயங்குகிறார். என்ன காரணம்?

அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு, கோயிலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார் என்கிறீர்கள். அவரைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லி, உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் கால் வலி என்றாலே தேய்மானம் என்று முடிவுகட்டி, ஆசானிடம் (வர்ம வைத்தியரிடம்) தைலம் வாங்கி முட்டில் தேய்க்க ஆரம்பித்துவிடுவோம். பாதத்தை யாரும் பார்ப்பதில்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிய என் பாட்டாவுக்கும், அதாவது தாத்தாவுக்கும், இதுதான் நடந்தது. தைலம் மாறிக்கொண்டே இருந்தது, நடை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அத்தை அவர் செருப்பைக் கழுவக் கவிழ்த்தபோது, வலது செருப்பின் உள் ஓரம் மட்டும் தாள் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. அந்தக் காலில் சுண்டுவிரலுக்குக் கீழே கால் ஆணி. அது தரையில் படாமலிருக்க மனிதர் பாதத்தைச் சாய்த்தே நடந்திருக்கிறார். அப்படி நடந்தால் முட்டும் இடுப்பும் வலிக்காமல் என்ன செய்யும்? ஏன் சொல்லவில்லை என்றால், "வயசானா அப்படித்தானே மக்கா" என்கிறார். டாக்டர் ஆணியைச் சீவிவிட்டு, செருப்பையும் மாற்றச் சொன்னார்.

வயது ஏற ஏற உள்ளங்காலின் கொழுப்பு மெத்தை மெலியும், பாதம் கொஞ்சம் அகலும். நாம் பழைய அளவிலேயே செருப்பு வாங்கிக் கொடுப்போம். அம்மாவை ஒரு தாளின்மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதன்மேல் செருப்பை வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்தச் செருப்பு வேண்டாம். பின்வார் இல்லாத செருப்பு கழன்றுவிடாமலிருக்க விரலை மடக்கிப் பிடித்தே நடக்க வேண்டும், தடுக்கி விழுவதும் அதில்தான். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குக் கூட்டிப்போய், பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு கேளுங்கள். பார்க்க அழகாக இருக்காது. கல்யாண வீட்டுக்கு அதைப் போடமாட்டேன் என்பார், அது தனிப் பஞ்சாயத்து.

சர்க்கரை இருப்பதால் கால் ஆணி பிளாஸ்திரியும் பிளேடும் கூடவே கூடாது. பிளாஸ்திரியில் உள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கு அது உறைக்காது. வெந்நீரில் காலை முக்குவதும் அதே ஆபத்துதான். உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் ஒரு நைலான் இழையால் பாதத்தை அழுத்திப் பார்ப்பார், 10 கிராம் அழுத்தம்தான். வருடத்துக்கு ஒருமுறையாவது அதைச் செய்யுங்கள்.

நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, சேற்றுப்புண்ணுக்குக் கேட்கவா வேண்டும்? கழுவியதும் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் நகம். குனிய முடியாது, கண்ணும் சரியாகத் தெரியாது, மருமகளிடம் கேட்கக் கூச்சம். குளித்து வந்ததும் நகம் இளகியிருக்கும், நீங்களே நேராக வெட்டிவிடுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம். புண்ணோ, கறுத்த விரலோ, ஒரு கால் மட்டும் சூடாக வீங்கியிருப்பதோ கண்ணில் பட்டால் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் இருக்கும் டாக்டரிடமோ கூட்டிப்போங்கள்.