கப்பைக் கொடுக்கும் முன் வரியைப் பிடியுங்கள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செவன்ஸ் பந்தும் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) சதுரங்கமும்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. எனக்குக் கை பழகியது பழைய எண்கள், அவற்றையே எழுதுகிறேன். புது எண்ணை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*வெளிநாட்டு ஆட்டக்காரருக்குப் பரிசு கொடுத்தோம். வரி எவ்வளவு? (கொழிஞ்சாம்பாறை)*

எந்த நாட்டவர், என்ன ஆட்டம், எத்தனை ரூபாய், எப்போது கொடுத்தீர்கள்? ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. இந்தியக் குடியுரிமை இல்லாத, வரிச் சட்டப்படி இங்கே வசிக்காத விளையாட்டு வீரர் என்றால், பணம் கொடுக்கும்போதே வரி பிடிக்கச் சொல்லும் பிரிவு 194இ. 20 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 20.8. லட்சத்துக்கு 21 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வரம்பு கிடையாது. ஐயாயிரம் ரூபாய் பரிசுக்கும் பிடித்தம் உண்டு.

*அவர் விமான டிக்கெட், ஹோட்டல் செலவைக் கழித்துவிட்டுப் பிடிக்கலாமா? (அதே வாசகர்)*

கூடாது. மொத்தத் தொகைக்குத்தான்.

*சதுரங்கப் போட்டியில் ஜெயித்தவர் இலங்கைக்காரர். இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் பிடிக்க வேண்டாம் என்கிறாரே? (வேலந்தாவளம்)*

ஒப்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் விளையாட்டு வருமானத்துக்கு, ஆட்டம் நடந்த நாடே வரி போடலாம் என்பதுதான் இத்தகைய ஒப்பந்தங்களின் வழக்கம். 1996 உலகக் கோப்பை கிரிக்கெட் பணம் தொடர்பான பில்காம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒப்பந்தத்தைக் காட்டி 194இ பிடித்தத்தைத் தவிர்க்க முடியாது. சலுகை இருந்தால் பணம் வாங்கியவர் பிறகு கேட்டுப் பெறட்டும். நீங்கள் பிடியுங்கள்.

*செவன்ஸ் டோர்னமென்டில் ஆடிய ஆப்பிரிக்க வீரர்களுக்கு ஆட்டக்கூலியும் பரிசும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டோம். சின்ன கிளப், டான் நம்பர்கூட இல்லை. எங்களுக்கும் இதெல்லாம் உண்டா? (பாலக்காடு சித்தூர்)*

உண்டு. சீசன் முடிந்தால் போதும், வருஷா வருஷம் இதே கடிதம். அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டுகிறீர்கள், டிக்கெட் போடுகிறீர்கள், ஃப்ளட்லைட் வாடகைக்கும் மைக் செட்டுக்கும் பைசா பைசாவாகக் கணக்கு வைக்கிறீர்கள். வரி என்றதும் மட்டும் கிளப் சின்னதாகிவிடுகிறது! இந்தப் பிரிவுக்குச் சின்னது பெரியது தெரியாது. பணம் கொடுப்பவர் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பரிசு மட்டுமல்ல, ஆட்டக்கூலியும் சேர்த்தி.

டான் என்பது வரி பிடிப்பவருக்கான எண், இல்லையென்றால் இன்றே எடுங்கள். பிடித்ததை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்டுங்கள். மார்ச் பிடித்தத்துக்கு ஏப்ரல் 30. காலாண்டுப் படிவம் 27கியூ. உள்ளூர்க்காரர்களுக்கான 26கியூவில் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். பிடிக்காமல் விட்டதற்கு மாதம் 1 சதவீத வட்டி, பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் 1.5. படிவம் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் தனி.

"வரியை நாங்க பாத்துக்கறோம், உன் கையில முழுசா ஒரு லட்சம்" என்று பேசி முடித்திருந்தால் இன்னும் மோசம். அந்த லட்சம், வரி போக மீதி என்று கணக்கு திரும்பும். அப்போது கிளப் கட்ட வேண்டியது 20,800 அல்ல, 26 ஆயிரத்துக்கு மேல்.

அப்புறம், போட்டி நோட்டீஸில் ஆப்பிரிக்க வீரர் எல்லாரையும் 'சூடானி' என்று போடுகிறீர்களே, படிவத்திலும் அப்படியே எழுதாதீர்கள். அவர் கானாவா, நைஜீரியாவா, ஐவரி கோஸ்டா? பாஸ்போர்ட் நகலை முதல் ஆட்டத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். அதில் உள்ள முத்திரைத் தேதிகளையும் பாருங்கள். ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் அவர் வசிப்பவர் ஆகிவிடுவார். சீசன் மார்ச் 31-ஐத் தாண்டுவதால் நாட்கள் இரண்டு ஆண்டுகளில் பிரிந்து, பலர் இதில் சிக்குவதில்லை. ஆனால் வருஷம் தவறாமல் வருபவர்? முந்தைய நாலு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இந்த ஆண்டில் 60 நாளும் இருந்தாலே போதும், வசிப்பவர்தான். அப்போது 194இ பொருந்தாது, கணக்கே வேறு. கொடுத்த பின் நாள் எண்ணிப் பயனில்லை.

*துபாயில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் வந்து ஆடி ஜெயித்தான். அவனுக்கும் 194இ-யா? (கோவிந்தாபுரம்)*

இந்திய பாஸ்போர்ட் என்றால் இல்லை. இங்கே வசிக்காதவர்களுக்குக் கொடுக்கும் பிற பணத்துக்கான பொதுப் பிரிவு 195-ஐப் பாருங்கள்.

*கேரள லாட்டரிக்குப் பிடிப்பதுபோல சிங்கப்பூர் வீரரிடம் 30 சதவீதம் பிடித்துக் கட்டிவிட்டோம். நடுவராக வந்த மலேசியாக்காரரிடமும் அப்படியே. சரிதானே? (மூணாறு)*

இரண்டும் தப்பு. 30 என்பது லாட்டரி, சீட்டாட்டம், குறுக்கெழுத்து வகைக்கு. வீரருக்கு 20.8, கூடுதலாகப் போனதை அவர் பான் எடுத்து ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும். நடுவர் ஆட்டக்காரர் அல்ல என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அவருக்கு 195. கொடுக்கும் முன் கேட்டிருக்கலாம்.

*16 வயது மகள் அமெரிக்காவில் போட்டியில் ஜெயித்தாள். 30 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதி கொடுத்தார்கள். இங்கேயும் கட்டணுமா? (சித்தூர்)*

வாழ்த்துகள். திறமையால் சம்பாதித்தது என்பதால் உங்கள் வருமானத்தோடு சேராது. அவள் பெயரிலேயே கணக்கு. கைக்கு வந்ததை அல்ல, பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையையும் காட்டுங்கள். அங்கே கட்டியதை இங்குள்ள வரியில் கழிக்கப் படிவம் 67 உண்டு. அதற்கு அமெரிக்கப் பிடித்தச் சான்று 1042-எஸ் வேண்டும். போட்டி நடத்தியவர்களுக்கு இப்போதே மெயில் போடுங்கள்.