வாத உடம்பு என்பதால்தான் உறக்கம் கெடுகிறதா?

உறக்கம் கெடுவதற்கு உங்கள் ‘வாத உடம்பு’தான் காரணமா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். பிரகிருதி, அதாவது வாதம், பித்தம், கபம் ஆகியவற்றுள் எது மிகுந்தது என்பதைப் பொறுத்த உடல்வாகு, கருவிலேயே அமைந்து ஆயுள் முழுவதும் மாறாதிருப்பது என்றே ஆயுர்வேதம் சொல்கிறது. 48 வயதுவரை படுத்தவுடன் உறங்கிய உங்களுக்கு, மாதவிடாய் நின்றபின் உறக்கம் கெட்டதென்றால், இணையத்தில் பத்துக் கேள்விக்கு விடையளித்து அறிந்த ‘வாத உடம்பு’ மீது பழிபோடுவது ஆயுர்வேதக் கணக்கின்படியே பொருந்தாது. எனவே, ‘இனி ஆயுளுக்கும் இப்படித்தானா, வேலையை விட்டுவிட வேண்டியதுதானா’ என்று நீங்கள் கலங்க வேண்டியதில்லை. விடியற்காலை விழிப்பதும், உடல் திடீரெனச் சூடேறி வியர்ப்பதும் இந்த வயதில் பலருக்கும் உள்ளவை. மறதி நோயின் தொடக்கம் அதுவென்று யாரோ எழுதியதைப் படித்து அஞ்சாதீர்கள்.

நான் கவலைப்படுவது, கடிதத்தின் நடுவே ஒரே வரியில் நீங்கள் சொல்லிக் கடந்ததைப் பற்றி. குறட்டையின் நடுவே உங்கள் மூச்சு நின்று, பின் திணறலோடு தொடர்வதாக மகள் சொல்கிறாள். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் உறக்க மூச்சுத்தடையாக இது இருக்கலாம். மூச்சைத் தூண்டி அத்தசைகளுக்கு வலுச்சேர்க்கும் புரோஜெஸ்திரோன் என்ற ஹோர்மோன் குறைவதால், மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது கூடுகிறது. அடிக்கடி விழிப்பு, காலைத் தலைவலி, களைப்பு என்றே பலரிடம் வெளிப்படுவதால் ‘மனக்கவலை’ என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கொள்ளுப்பிட்டி வருமுன்பே தலை சாய்ந்துவிடுகிறது என்கிறீர்களே, அதையும் வேலைக்களைப்பென்று எண்ணிவிடாதீர்கள். கவனியாது விட்டால் குருதி அமுக்கம் ஏறும், இதயமும் பாதிக்கப்படும்.

நீங்கள் உறங்கும்போது மகள் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யட்டும். மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்றால் அது ஒரு தடை. மணிக்கு 5 தடைகள் வந்தாலே அது இயல்பன்று. சரியான எண்ணிக்கை உறக்கப் பரிசோதனையில்தான் தெரியும் என்பதால், பதிவைக் குடும்ப வைத்தியரிடம் காட்டி, சுவாச நோய் விசேட வைத்தியருக்குக் கடிதம் வாங்குங்கள். குருதி அமுக்கம், தைரொயிட், ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி கொடுத்தாரென்று தூக்கக் குளிசையை விழுங்கியிருக்கிறீர்கள்! அது தொண்டையை மேலும் தளர்த்தும். இதுவரை விழுங்கியதோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். உறக்கத்துக்கென்று உண்ணப்படும் அமுக்கராச் (அசுவகந்தா) சூரணமும் தைரொயிட் அளவை மாற்றக்கூடும், அரிதாக ஈரலையும் தாக்கும். ஆயுர்வேதச் சிகிச்சைதான் வேண்டுமென்றால் பொரளை ஆயுர்வேத வைத்தியசாலைக்குச் சென்று முறையாகக் காட்டுங்கள். ஆனால் அங்கும் வாதத்தைப் பற்றிப் பேசுமுன், மூச்சு நிற்பதைச் சொல்லுங்கள்.