437 பகா எண்ணா? எதுவரை வகுத்துப் பார்ப்பது?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 84, 360 போன்ற எண்களுக்குக் காரணிச் செடி வரைந்து உடனே பிரித்துவிடுகிறாள். 437 வந்தால் மட்டும் 2, 3, 5, 7 வரை வகுத்துப் பார்த்துவிட்டு, ‘பகா எண்’ என்று எழுதிவிடுகிறாள். விடை தவறாகிறது. எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்?

பதில்: அவளுக்கு வகுக்கத் தெரிகிறது. எங்கே நிறுத்துவது என்பதை யாரோ சொல்லித்தர மறந்திருக்கிறார்கள். இந்த ஒன்று தெரியாமல் கணக்கை வெறுத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வகுக்கத் தொடங்குமுன் எண்ணின் வர்க்கமூலத்தைத் தோராயமாகப் பார்க்கச் சொல்லுங்கள். 21 × 21 = 441. இது 437ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 437 இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அவற்றில் ஒன்றாவது 20க்குள் இருந்தாக வேண்டும். இரண்டுமே 21 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கல் 441க்குக் குறையாது. 20க்குள் உள்ள பகா எண்கள் எட்டுதான்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19. பள்ளி நோட்டின் ஓரத்தில் முதலில் இந்த வரிசையை எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

2, 3, 5க்கான விதிகள் அவளுக்குத் தெரியும். 7 முதல் நீள்வகுத்தல் தேவையில்லை. அந்தப் பகா எண்ணின் மடங்கு ஒன்றைக் கூட்டியோ கழித்தோ கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். பிறகு பூஜ்ஜியத்தை நீக்கிவிட்டு மீந்ததைப் பார்த்தால் போதும். 437லிருந்து 7ஐக் கழித்தால் 430. 43 ஏழாம் வாய்ப்பாட்டில் இல்லை. 77ஐக் கழித்தால் 360. 36இல் 11 போகாது. 13ஐக் கூட்டினால் 450. 45இல் 13 போகாது. 17ஐக் கழித்தால் 420. 42இல் 17 போகாது. கடைசியாக 19: அதன் மடங்கான 57ஐக் கழித்தால் 380. 38 என்பது 19இன் இரு மடங்கு! ஆகவே 437 = 19 × 23. பத்தின் காரணிகள் 2, 5 மட்டுமே என்பதால், பூஜ்ஜியத்தை நீக்குவது மற்றப் பகா எண்களின் சோதனையைக் கெடுக்காது.

439க்கும் அதே எட்டு எண்கள்தான். எதுவும் போகாது. அப்போது தயங்காமல் ‘பகா எண்’ என்று எழுதலாம்.

இன்னொன்று. ஒரு காரணி கிடைத்ததும் எல்லையும் சுருங்கிவிடும். ராமானுஜன் எண்ணான 1729க்கு முதலில் 41 வரை பார்க்க வேண்டும் போலத் தோன்றும். ஆனால் 7 போய்விடுகிறது; ஈவு 247. 16 × 16 = 256 என்பதால் இனி 13ஐத் தாண்ட வேண்டியதில்லை. 247உடன் 13ஐக் கூட்டினால் 260. 26இல் 13 போகிறது. 1729 = 7 × 13 × 19. பழைய எல்லையையே பிடித்துக்கொண்டு வகுத்துக்கொண்டிருப்பதில்தான் தேர்வில் நேரம் வீணாகிறது.

எந்தக் காரணியில் தொடங்கினாலும் செடியின் நுனியில் அதே பகா எண்கள்தான் நிற்கும். எனவே தோழியின் செடி வேறு வடிவில் இருந்தால் அவள் கலங்க வேண்டாம்.

இன்று மாலை 391, 397 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். ஒன்று பகு எண், மற்றது பகா எண். இரண்டுக்கும் 19 வரை பார்த்தால் போதும்.